வீடு நிறைந்திருந்தும் அம்மா ஏன் தனிமையாக உணர்கிறார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 76 வயதான அம்மா தம் வீட்டிலேயே தனியாக இருக்கிறார். பிள்ளைகள் மூவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறீர்கள். சென்ற பண்டிகை விடுமுறைக்கு மூன்று குடும்பங்களும் ஒன்றாக வந்து இரண்டு நாட்கள் தங்கினீர்கள். வீடு நிறைந்திருந்த அந்த இரண்டு நாட்களிலும் அவர் அதிகம் பேசவில்லை. நீங்கள் புறப்பட்ட பின் பல நாட்கள் அழுதுகொண்டிருந்தார் என்பது பக்கத்து வீட்டார் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவந்தது. இந்த ஆண்டு கூடுதலாக ஒரு நாள் தங்கலாமா, அல்லது அவரை உங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். "வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று அவர் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அத்தனை பேர் சூழ்ந்திருந்தபோதும் அவர் ஏன் தனித்துப்போனார், ஆட்களையும் நாட்களையும் கூட்டினால் அது மாறுமா என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். முதியோர் மனநலத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் என் கருத்தை முன்கூட்டியே சொல்கிறேன்: நாட்களைக் கூட்டுவதால் மட்டும் மாறாது. யார், எப்போது வருவார்கள் என்பதும், போனபின் மறுபடியும் எப்போது வருவார்கள் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதும், வந்திருக்கும் நாட்களில் அவருக்கென்று செய்வதற்கு ஒரு வேலை இருப்பதும்தான் அதைவிட முக்கியம்.

தனியாக வாழ்வதும் தனிமையில் வாடுவதும் ஒன்றல்ல என்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். தனியாக இருந்தும் நிறைவாக வாழும் முதியவர்கள் ஏராளம். கூட்டுக் குடும்பத்தின் நடுவே வாடுபவர்களும் உண்டு. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். நட்பும் சுற்றமும் அக்கம்பக்கமும் குறைந்துபோவதால் வருவது ஒரு வகை. மனத்துக்கு மிக நெருங்கிய ஒருவரை இழப்பதால் வருவது மற்றொரு வகை. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னவற்றுள் நடைமுறையில் எனக்கு மிகவும் உதவியது. உங்கள் அம்மா இழந்திருப்பது வாழ்க்கைத் துணையை. ஒரு கூடம் நிறைய ஆட்கள் இருந்தாலும், இரவில் அன்றைய நாளைப் பற்றிப் பேச இருந்த அந்த ஒருவர் இல்லை. பண்டிகை நாள் அந்த இடத்தை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. ஆகவே அவர் பேசாமல் இருந்ததை உங்கள் வருகையின் மீதான அதிருப்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதது எது என்பதைப் பிரித்துச் சொல்வது என் கடமை. சமூக உறவுகளுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான உறவுகள் உடையவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே குழு 2015-இல் செய்த தொகுப்பாய்வில், தனிமையுணர்வு இறப்பு அபாயத்தை 26 சதவீதம் அளவுக்கு உயர்த்துவதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஆனால் இவை பெரும்பாலும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் செய்யப்பட்ட ஆய்வுகள். உடல்நலம் குன்றியவர் வெளியே போவது குறைந்து அதனால் தனிமைப்படுவதும் உண்டு என்பதால், எது காரணம், எது விளைவு என்பதை இவற்றை மட்டும் கொண்டு முழுமையாகப் பிரித்துவிட முடியாது. பண்டிகைக் காலம் முதியவர்கள் எல்லோரையும் வாட்டுகிறது என்ற பொதுவான எண்ணத்துக்கும் ஆதாரம் குறைவு. அமெரிக்காவில் ஆண்டிறுதி விடுமுறையின்போது தற்கொலைகள் பெருகுகின்றன என்று பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் கணக்குகளோ டிசம்பர் மாதத்தில்தான் அந்த எண்ணிக்கை பொதுவாகக் குறைவாக இருப்பதைக் காட்டுகின்றன. வயது ஏற ஏற மனிதர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களாகவே சுருக்கிக்கொண்டு, நெருக்கமான சிலரோடு மட்டும் நேரத்தைச் செலவிட விரும்புகிறார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் வழியாக நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆகவே மூன்று குடும்பங்களும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவது உங்கள் அம்மாவின் விருப்பமாகவே இல்லாமலும் இருக்கலாம். அதை ஊகிக்காமல் அவரிடமே கேளுங்கள்.

இனி, என் கருத்துக்கு அடிப்படையான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1976-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் முதியோர் இல்லத்தில் வசித்தவர்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். சிலருக்கு மாணவர் எப்போது வருவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை தரப்பட்டது. சிலருக்கு வருகை முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. சிலரை மாணவர்கள் எந்த அறிவிப்பும் இல்லாமல் போய்ப் பார்த்தார்கள். சிலரை யாரும் பார்க்கவில்லை. முதல் இரண்டு வகையினரின் உடல்நலமும் மனநலமும் தெளிவாக மேம்பட்டன. அறிவிப்பில்லாத வருகையைப் பெற்றவர்களோ, யாரும் வராதவர்களைவிட அப்படியொன்றும் மேலான நிலையில் இல்லை. ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது மட்டும் பயன் தரவில்லை. அவர் வருவார் என்று அறிந்து காத்திருப்பதும், அந்த நேரத்தைத் தாமே தீர்மானிப்பதும்தான் பயன் தந்தன. இதன் தொடர்ச்சியாக 1978-இல் வெளியான ஆய்வு இதைவிட முக்கியமானது. திட்டம் முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, முன்பு நன்றாக மேம்பட்டிருந்தவர்களின் நிலைதான் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்திருந்தது. இது சிறிய ஆய்வு. ஒரே இல்லத்தில் நடந்தது. சொந்த வீட்டில் வாழும் உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பண்டிகை முடிந்த வாரத்தில் முதியவர்களிடம் நான் தொடர்ந்து பார்த்துவருவதும் இதையேதான் சொல்கிறது. மொத்தமாக வந்து மொத்தமாகப் போய்விட்டு, அடுத்து எப்போது என்பதைச் சொல்லாமல் விடும்போது, அந்த வெறுமை வருகைக்கு முன்பு இருந்ததைவிடக் கடுமையாக இருக்கிறது.

ஆகையால் மூவரும் சேர்ந்து ஒரே இரண்டு நாட்களில் வருவதைவிட, பண்டிகை நாளன்று ஒரு குடும்பமும், அடுத்த வார இறுதியில் இன்னொரு குடும்பமும், அதற்குப் பின் இரண்டு வாரங்கள் கழித்து மூன்றாமவரும் என்று பிரித்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். எல்லோரும் ஒருசேர இருக்கும் மகிழ்ச்சியை அம்மா விரும்புவாரானால், அதையும் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் பின்தங்கி இரண்டு நாட்கள் கழித்துப் புறப்படலாம். எப்படியானாலும் கிளம்பும்போது அடுத்த வருகையின் தேதியைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "சீக்கிரம் வருகிறேன்" என்பது தேதி ஆகாது. சொன்ன தேதியைத் தவறவிடுவது, சொல்லாமல் இருப்பதைவிட மோசமானது. எனவே உறுதியாக வரக்கூடிய நாளைத்தான் சொல்ல வேண்டும், அது தள்ளியிருந்தாலும் பரவாயில்லை.

இடைப்பட்ட நாட்களுக்குத் தொலைபேசி போதுமா என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு ஊக்கமளிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020-இல், வீட்டுக்கே உணவு வரப்பெறும் நிலையில் இருந்த 240 பேரைக் கொண்டு அது நடத்தப்பட்டது. சிறிய பயிற்சி மட்டுமே பெற்ற இளைஞர்கள், அழைப்பைப் பெறுபவர் தேர்ந்தெடுத்த நேரத்தில், நான்கு வாரங்கள் அழைத்துப் பேசினார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு வாரத்தில் எத்தனை நாட்கள் என்பதையும் அழைப்பைப் பெற்றவர்களே முடிவு செய்தார்கள். தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. பேசியவர்கள் மருத்துவர்களோ மனநல வல்லுநர்களோ அல்லர் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நான்கு வாரங்களுக்குப் பின் அந்தப் பயன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு இந்தச் சோதனை விடை தரவில்லை; பெருந்தொற்றுக் காலத்தில் நடந்ததும் முடிவைப் பாதித்திருக்கக்கூடும். ஆனாலும் அழைப்பு ஒழுங்காக வந்தது என்பதும், நேரம் அவர்களுடைய தேர்வாக இருந்தது என்பதும், முன்பு சொன்ன ஆய்வோடு பொருந்திப்போகின்றன. காணொளி அழைப்பு குரல் அழைப்பைவிட மேலானது என்பதற்குத் திடமான ஆதாரம் இதுவரை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வில் மூன்று சோதனைகள் மட்டுமே தேறின. அவற்றிலும் தனிமையுணர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில் அவருக்கு மகிழ்ச்சி உண்டென்றால் அவசியம் செய்யுங்கள்; திரையைக் கையாளத் தடுமாறுகிறாரென்றால் அதை வற்புறுத்தாதீர்கள். மூன்று பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாட்கள் வீதம் பிரித்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்தில் பத்து நிமிடம் பேசினாலே போதும். "சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்துக்கொண்டீர்களா" என்பதோடு முடித்துவிடாமல், உங்கள் வாழ்க்கையில் நடப்பவற்றைச் சொல்லி அவருடைய யோசனையைக் கேளுங்கள்.

அவருக்கென்று ஒரு வேலை என்று சொன்னேன் அல்லவா, அது எல்லாவற்றையும்விட எளிதாக மறந்துபோகும் ஒன்று. அன்பின் மிகுதியால் பிள்ளைகள் வந்ததும், "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். பல பத்தாண்டுகள் அந்த வீட்டில் பண்டிகையை நடத்தியவர் ஒரே நாளில் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். ஓய்வு கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். தாம் இனித் தேவையில்லை என்று அவர் புரிந்துகொள்கிறார். உடலால் முடியாத வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுகளை அவரிடமே விட்டுவிடுங்கள். யாரை அழைப்பது, எதை எந்த வரிசையில் செய்வது, யாருக்கு என்ன கொடுப்பது என்பதெல்லாம் அவர் சொல்லட்டும். பேரப்பிள்ளைகளில் ஒருவரை அவரோடு உட்காரவைத்து, அவர் மட்டுமே அறிந்த ஒரு செய்முறையையோ குடும்பத்தின் பழைய செய்திகளையோ கேட்டு எழுதச் செய்யுங்கள். நிழற்படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லக் கூடியவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார். பொழுதுபோக்குக்காக ஏதோ ஒன்றைக் கையில் கொடுப்பதாக இது இருக்கக் கூடாது. உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசத்தை முதியவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

அந்த இரண்டு நாட்களும் அவர் அதிகம் பேசவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் அவருடைய செவித்திறனைப் பற்றியது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேலானோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இது மெல்ல மெல்ல வருவதால் அவர்களுக்கே தெரியாமல் போகும். தெரிந்தவர்களும் வெளியே சொல்லக் கூசுவார்கள். ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது குறை தெரியாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேச, தொலைக்காட்சி ஓட, குழந்தைகள் கத்த, அந்த இரைச்சலில் எந்தச் சொல்லும் பிரிந்து கேட்காது. தவறாகப் பதில் சொல்லிச் சிரிப்புக்கு இடமாவதைவிடப் புன்னகைத்துவிட்டு மௌனமாக இருப்பது மேல் என்று முடிவு செய்துவிடுவார்கள். இதைத் தனிமை என்றும் மறதி என்றும் குடும்பத்தார் தவறாக நினைப்பது மிகவும் வழக்கம். விடுமுறைக்கு முன்பே செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காதில் அடைந்திருக்கும் அழுக்கை எடுத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு. ஏற்கெனவே கருவி வைத்திருந்தால் அதை அணிகிறாரா, மின்கலம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, கத்தாமல், சற்று நிதானமாகப் பேசுங்கள். அவர் முதுகுக்குப் பின் சுவர் இருக்கும்படி ஓர் இருக்கையைக் கொடுத்தால் இரைச்சல் கொஞ்சம் குறையும். ஒவ்வொருவரும் அவரோடு தனியாக அரைமணி நேரம் இருப்பது, எல்லோரும் சேர்ந்து ஆறு மணி நேரம் இருப்பதைவிட அவருக்கு நிறைவளிக்கலாம். பார்வைக் குறைவு, சிறுநீரை அடக்க முடியாத சங்கடம், சீக்கிரம் களைத்துப்போவது ஆகியவையும் இவ்வாறே மறைந்திருந்து ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்குகின்றன.

அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா அழுதுவிடுவார் என்று பயந்து அவர் பெயரையே எடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் பல. உங்கள் கேள்வியில் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது; அதனால் கேட்கிறேன், அந்த இரண்டு நாட்களில் யாராவது அவரைப் பற்றிப் பேசினீர்களா? அவர் அமரும் இடத்தைப் பற்றி, அவருடைய கோபத்தைப் பற்றி, அவர் செய்த வேடிக்கையைப் பற்றி? பேசினால் அழுகை வரலாம், வரட்டும். உங்கள் முன் அழுவதும், நீங்கள் போனபின் யாருமில்லாத வீட்டில் அழுவதும் வேறு வேறு. இரண்டு ஆண்டுகள் கழிந்தும் பண்டிகை நாளில் கண்ணீர் வருவது தன்னளவில் நோயன்று. அதே சமயம், இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், எடை குறைதல், தன்னைக் கவனித்துக்கொள்ளாமை, "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், வயதின் இயல்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய 15 கேள்விகள் கொண்ட எளிய அளவுகோல் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. அதற்குச் சில நிமிடங்களே ஆகும். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறானது. கேட்பதால் அபாயம் கூடுவதில்லை. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும். சில வரிகளைப் படித்துவிட்டு உங்கள் அம்மா எந்த நிலையில் இருக்கிறார் என்று நான் முடிவுகட்ட முடியாது. அவரை நேரில் பார்ப்பவர்கள்தான் அதைச் சொல்ல முடியும்.

"வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்ற சொல்லை நான் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை, முழு ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்வதில்லை. நீண்ட காலம் தனிமையில் இருப்பவர்கள் தாம் பிறருக்குப் பாரம் என்று எண்ணத் தொடங்கி, புறக்கணிப்பை எதிர்பார்த்து, தாமாகவே முந்திக்கொண்டு விலகுகிறார்கள். தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், ஆட்களைச் சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குவதைவிட இத்தகைய எண்ணங்களைச் சரிசெய்ய உதவும் சிகிச்சைகளே அதிகப் பலன் தந்ததாகக் காணப்பட்டது. வீட்டில் நாம் சிகிச்சை செய்ய இயலாது. ஆனால் "வரட்டுமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வியாழன் வரட்டுமா, சனி வரட்டுமா, எது உங்களுக்கு வசதி?" என்று கேட்கலாம். பாரமா இல்லையா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவருக்கு விருப்பம் இருந்து, போகும் தேதியும் திரும்பும் தேதியும் முன்பே முடிவாகியிருந்தால், ஒரு வாரமோ பத்து நாட்களோ நல்லதுதான். நிரந்தரமாக வந்துவிடுங்கள் என்ற முடிவைப் பண்டிகைக் காலத்தின் உணர்ச்சிப்பெருக்கில் எடுக்காதீர்கள். அவர் அழுதார் என்பதைக் கவனித்து உங்களுக்குச் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டார், தினமும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுபவர்கள், தெரிந்த தெரு, இருட்டிலும் வழி தெரியும் தம் வீடு ஆகியவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பகல் முழுவதும் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் உட்கார்ந்திருப்பது தனிமையை இன்னும் கூட்டலாம். மறதி தொடங்கியிருப்பவர்களுக்கு இடமாற்றமே குழப்பத்தைத் தரும். அவர் தம் வீட்டிலேயே இருக்க விரும்பினால், அந்தப் பக்கத்து வீட்டாருக்கு மனமார நன்றி சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, நீங்கள் புறப்படும் நாளுக்கு மறுநாள் ஒருமுறை அம்மாவைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், உடன்பிறந்தவர்களோடு நாட்களைப் பேசி முடிப்பதற்கு முன்பே அம்மாவோடு பேசுவதில் தொடங்குங்கள். தனிமையை அளக்க ஆய்வாளர்கள் 2004 முதல் பயன்படுத்தும் மூன்று கேள்விகள் உண்டு. துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, தம்மை விட்டுவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனித்துக் கிடப்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பவை அவை. படிவம் நிரப்புவதுபோல் கேட்காமல், பேச்சின் ஊடே உங்கள் சொற்களில் கேளுங்கள். எந்த நேரம் அவருக்கு மிகக் கடினமாக இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அது பெரும்பாலும் மாலையாகவோ, பண்டிகைக்கு முந்தைய இரவாகவோ, எல்லோரும் போன மறுநாள் காலையாகவோ இருக்கும். அந்தப் பதிலைக் கொண்டு மூவரும் அழைப்புகளையும் வருகைகளையும் பிரித்துக்கொண்டு, பண்டிகைக்குப் பின்வரும் ஆறு வாரங்களுக்கான தேதிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.